இரண்டாயிரத்து நானூறு மீட்டர்

எனக்கு மூக்கு மேல் கோபம் என்று ஆபீசில் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மனுஷனோடு பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியிருந்தால் அவர்களுக்கும் வந்திருக்கும். நான் குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவன். மேட்டின் மேல் நிற்கும் பெரிய தொட்டிதான் என் ராஜ்ஜியம், ஆபீசும் அதன் அடியில்தான். ஆள் உயர இரும்புச் சாவி ஒன்று இருக்கிறது. அதைத் திருகி எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது நிறுத்துவது என்பது என் பாடு. அவர் அளவுப் பிரிவு. குழாய்க்குள் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று கணக்குப் பார்த்து எழுதுவது அவர் வேலை. எல்லாரும் அவரை ‘நொடி’ என்போம். முகத்துக்கு நேரே ‘நொடி சார்’.

பேர் எப்படி வந்தது என்றால், ஒருநாள் டீக்கடையில் வழியே போன ஒருவர் இவரிடம் மணி கேட்டார். மற்றவனாக இருந்தால் பத்தே முக்கால் என்று சொல்லிவிட்டு டீயைக் குடிப்பான். இவர் டம்ளரைக் கீழே வைத்து, கைக்கடிகாரத்தைக் கண்ணருகில் கொண்டுபோய், “பத்து நாப்பத்தாறு, இருபது நொடி. இல்ல, இருபத்திரண்டு” என்றார். கேட்டவர் ஏதோ வம்பில் மாட்டிக்கொண்டதைப் போல நன்றிகூடச் சொல்லாமல் நடையைக் கட்டினார். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பேர்தான்.

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, சீட்டு கிடையாது, யாரைப் பற்றியும் புறம் பேசியது கிடையாது. நல்லது பேசியதும் கிடையாது, அதுதான் சங்கதி. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பது போல இருப்பார். மத்தியானம் சாப்பாட்டு வேளையில் நாங்கள் பத்துப் பேர் கத்திக்கொண்டிருப்போம். இவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து டப்பாவைக் காலி செய்துவிட்டு எழுந்து போவார். போனது யாருக்கும் தெரியாது.

ஒரு தடவை மூன்று நாள் வேலைக்கு வரவில்லை. போய்ப் பார்த்தேன். அச்சகம் ஒன்றின் மாடியில் ஒற்றை அறை. கீழே மெஷின் ஓடினால் தரை அதிரும். ஒரு கட்டில், ஒரு தட்டு, ஒரு டம்ளர். இன்னொரு டம்ளர் இருந்தால் எனக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார், பாவம். ஜுரத்தில் முகம் வெந்து போயிருந்தது. குளியலறைச் சுவரில் பென்சிலால் தேதி போட்டு வரிசையாக எண்கள். என்ன சார் இது என்று கேட்டேன்.

“இந்தக் குழாயில பதினஞ்சு லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகுதுன்னு பாக்கறேன். இன்னிக்குத் தொண்ணூத்தி நாலு. அதை வச்சு ஒரு நொடிக்கு எவ்வளவு தண்ணின்னு பாத்து, குழாய் வாயோட பரப்பால வகுத்தா வேகம் வந்துடும்.”

“உங்களுக்கு ஜுரம் நூத்தி ரெண்டு. இப்ப இது ரொம்ப முக்கியமா?”

“சும்மா படுத்திருந்தா வேற என்ன பண்றது?” என்றார். கேட்ட விதத்தில் எனக்குத் திட்ட மனசு வரவில்லை. கீழே போய் மருந்தும் இரண்டு டம்ளரும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அவருக்குப் பெண்டாட்டி உண்டு. பிரிந்து பதினாலு வருஷம் ஆகிறது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஆபீஸ் விசேஷங்களுக்கு இவரோடு வந்த நாளிலிருந்து பழக்கம். கலகலவென்று பேசுகிற பெண்பிள்ளை. இந்த உம்மணாமூஞ்சியோடு எப்படிக் காலம் தள்ளுகிறாள் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். ஒருநாள் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் அம்மா விட்டுப்போன வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். போகும்போது ஒரே ஒரு வாக்கியம் சொன்னாளாம்: “உங்களோட இருந்தாலும் நான் தனியாத்தான் இருக்கேன். அதுக்குத் தனியாவே இருந்துட்டுப் போறேன்.” இவர் பதில் யோசித்து முடிப்பதற்குள் அவள் பஸ் ஏறியிருப்பாள்.

அந்த வீடு எங்கே இருக்கிறது தெரியுமா? என் தொட்டியிலிருந்து கிளம்பும் எட்டு இஞ்ச் குழாயின் கடைசி முனையில். தெருவின் கடைசி வீடு, குழாயின் கடைசி வீடு. அவள் வாசல் கதவுக்கு நேர் எதிரில்தான் முனை வால்வின் குழி. தொட்டியிலிருந்து அந்தக் குழி வரைக்கும் இரண்டாயிரத்து நானூறு மீட்டர்.

குழாய்க்குள் ஓடும் தண்ணீரைக் கண்ணால் பார்க்க முடியாது. இன்ஜினியர்கள் காகிதத்தில் பார்ப்பார்கள். குழாய் எவ்வளவு அகலம், தொட்டி எவ்வளவு உயரம், தூரம் எவ்வளவு. மூன்றையும் சூத்திரத்தில் போட்டால் வேகம் வந்துவிடும். அந்த எட்டு இஞ்ச் குழாய்க்குக் காகிதக் கணக்கு நொடிக்கு ஒன்றே கால் மீட்டர். ஆனால் காகிதத்தில் குழாய்க்கு வயசாகாது. மண்ணுக்குள் ஐம்பது வருஷம் கிடந்த இரும்பு உள்ளே துருப்பிடித்துப் பொருக்குக் கட்டி, தொண்டை சுருங்கிப் போயிருக்கும். வெளியே எட்டு இஞ்ச், உள்ளே எவ்வளவோ, கடவுளுக்கே வெளிச்சம். “விட்டம் பாதியாச்சுன்னா தண்ணி பாதியாகும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. இடம் கால்வாசிதான் மிஞ்சும். அதுலயும் சொரசொரப்புல உரசிக்கிட்டு வேற வரணும்” என்பார் நொடி. அவர் மூச்சு விடாமல் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

அதனால் உப்பு டெஸ்ட். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் குழாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை டெஸ்ட் வைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நான் காலையிலேயே வழியில் இருக்கும் பதினோரு கிளை வால்வுகளையும் மூடிவிட்டு வருவேன், தண்ணீர் வேறு எங்கும் போகாமல் நேரே முனைக்குப் போவதற்காக. முனை வால்வைத் திறந்துவிட வேறொரு ஆள் உண்டு. திறந்துவிட்டு அவன் போய்விடுவான். சரியாகப் பத்து மணிக்கு இரண்டு கிலோ உப்பைக் கரைத்து, தொட்டியிலிருந்து குழாய் கிளம்பும் வாயில் ஊற்றுவேன். குடிக்கிறவர்களுக்கு நாக்கில்கூடத் தெரியாது. ஆனால் நொடியிடம் முள் வைத்த சின்ன மீட்டர் ஒன்று உண்டு, அதற்குத் தெரியும். முனையில் கடைசிக் குழாயடியில் அதை வைத்துக் காத்திருப்பார். முள் ஏறிய நேரத்தைக் குறித்து, இரண்டாயிரத்து நானூறை அத்தனை நொடிகளால் வகுத்தால், தண்ணீரின் நிஜமான வேகம். எனக்குப் போன் பண்ணி “வந்துடுச்சு” என்பார். நான் போய்க் கிளைகளைத் திறப்பேன்.

கடைசிக் குழாய் எது? அக்காவின் வாசல் குழாய்!

உத்தரவு வந்த அன்று இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. “சத்தியமா நான் கேக்கல” என்றார், நான் எதுவுமே சொல்லாதபோதே.

ஆபீசில் ஜீப் உண்டு. இவர் ஏறமாட்டார். நான் உப்பை ஊற்றியதும் கைக்கடிகாரத்தில் நொடி எண்ணும் பொத்தானை அழுத்திவிட்டு நடக்கத் தொடங்குவார். குழாய் போகும் பாதையிலேயே நடை. பெட்ரோல் பங்க், பள்ளிக்கூட வளைவு, மரக்கடை, பிறகு மேடேறி அந்தத் தெரு. “கீழ அது வருது, மேல நான் போறேன்” என்று ஒருமுறை சொன்னார். தனக்குக் கூட ஒரு துணை நடந்து வருவதைப் போலச் சொன்னார். அவர் நடை முப்பத்திரண்டு நிமிஷம். கூடாது, குறையாது. தண்ணீருக்கு அதைவிட நேரம் ஆகும் என்பதால் இவர் முந்திப் போய்ச் சேர்வார். முதல் டெஸ்டில் தண்ணீர் நாற்பத்திரண்டாவது நிமிஷம் வந்தது. ஆக, பத்து நிமிஷம் அக்கா வீட்டு வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா விரட்டவில்லை. ஜன்னலோரம் தையல் மெஷினில் வேலை பார்த்துக்கொண்டே இருப்பாளாம். இவர் படியில். இரண்டாவது தடவையோ மூன்றாவது தடவையோ அவள் தலை நிமிராமலே, “இப்ப அது எங்க வந்திருக்கும்?” என்று கேட்டிருக்கிறாள். “பள்ளிக்கூடம் தாண்டியிருக்கும்” என்றிருக்கிறார் இவர். பிறகு ஒவ்வொரு தடவையும் அவள் கேட்பாள், இவர் சொல்வார். ஒன்பது வருஷத்தில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொண்டது அவ்வளவுதான் என்று அடித்துச் சொல்வேன். ஆனாலும் டெஸ்டுக்கு முந்தின நாள் இவர் முடிவெட்டிக்கொண்டு வருவதை நான் கவனிக்காமல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவெட்டு.

குழாய் கிழடாகக் கிழடாகத் தண்ணீர் ஆடி அசைந்து வரத் தொடங்கியது. ஐம்பது நிமிஷம், அறுபது நிமிஷம். இவர் நடை மட்டும் அதே முப்பத்திரண்டு. கணக்கு உங்களுக்கே புரிந்திருக்கும். தண்ணீருக்கு எவ்வளவு தாமதமோ அவ்வளவு நேரம் இவருக்குப் படியில் இடம்.

வாரியத்தில் ஒரு விதி உண்டு. வேகம் நொடிக்கு அறுபது சென்டிமீட்டருக்குக் கீழே போனால் குழாயை மாற்றியே ஆக வேண்டும். இந்தத் தூரத்துக்கு அது அறுபத்தாறு நிமிஷம், நாற்பது நொடி. அதைத் தாண்டினால் பழைய குழாய்க்குச் சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சென்ற வருஷம் அந்தத் தெரு ஆட்கள் நாற்பது வீட்டுக்காரர்கள் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொண்டுவந்தார்கள். குழாயில் தண்ணீர் சொட்டுகிறது, ஒரு வாளி நிறைய ஒரு மணி நேரம் ஆகிறது, முழங்கால் வலியுள்ள பெண்கள்கூடக் கீழ்த் தெருவுக்கு இறங்கி இரண்டு கையிலும் வாளி தூக்கி மேடேறுகிறார்கள் என்று எழுதியிருந்தது. இன்ஜினியரம்மா புதுசாக வந்தவர், சின்ன வயசு, கறாரான ஆள். நொடியின் ரிப்போர்ட்டுகளை எடுத்துப் பார்த்தார். கடைசி எட்டு டெஸ்டும் அறுபத்தஞ்சு நிமிஷம், அறுபத்தாறு நிமிஷம். வேகம் அறுபத்தொரு சென்டிமீட்டர். விதிக்கு ஒரு மயிரிழை மேலே.

“வேகம் சரியாத்தானே இருக்கு? அவங்கவங்க வீட்டுக் குழாயில ஏதாவது அடைப்பா இருக்கும். மாத்த வேண்டிய அவசியம் இல்லைன்னு பதில் எழுதிடுங்க சார்” என்று மனுவை நொடியிடமே கொடுத்தார்.

மனுவில் முதல் கையெழுத்துப் போட்டவருக்குத்தான் பதில் அனுப்புவது வழக்கம். முதல் கையெழுத்து அக்காவுடையது. மனுவை எழுதியதே அவள்தான். அந்தக் கையெழுத்து எனக்குத் தெரியும்.

அறுபத்தாறு நிமிஷம் என்று இன்ஜினியரம்மா வாசித்ததைக் கேட்டபோது நான் கதவோரம் நின்றிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. என்னிடமும் ஒரு நோட்டு இருக்கிறது. கிளைகளை மூடிய நேரம், உப்பு ஊற்றிய நேரம், இவர் போன் வந்த நேரம், எல்லாம் அதில் இருக்கும். போய்ப் புரட்டினேன். கடைசி டெஸ்ட்: பத்து மணி, பதினொன்று பதினாலு. எழுபத்துநாலு நிமிஷம். அதற்கு முந்தினது எழுபத்திரண்டு. இரண்டு வருஷமாக ஒன்றுகூட எழுபதுக்குக் கீழே இல்லை. போன் பண்ணக் கொஞ்சம் சுணங்கியிருப்பார் என்று நினைத்து இத்தனை நாள் நான் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சுணங்குகிற ஆளா இவர்? என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

மத்தியானம் தொட்டியின் அடியில் வால்வு அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினேன். நோட்டை முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“எட்டு நிமிஷம் எங்க போச்சு சார்?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“நொடிக்கு நொடி கணக்குப் பாக்கறவரு நீங்க. எட்டு நிமிஷத்தை முழுங்கிட்டு நிக்கறீங்க. வாயைத் திறங்க!”

“மொத தடவை ஒரே ஒரு தடவைதான்னு நினைச்சு எழுதினேன். அடுத்த தடவை சரியா எழுதிடலாம்னு” என்றார்.

“ஏன்?”

“அறுபத்தாறைத் தாண்டிட்டா பைப்பை மாத்திடுவாங்க.”

“மாத்தட்டுமே! அதுக்குத்தானே நீங்க இருக்கீங்க?”

“மாத்திட்டா தண்ணி வேகமா வந்துடும்.”

“வரட்டுமே!”

“அப்புறம் நான் எதுக்கு அங்க போவேன்?” என்றார். பிறகு, கேட்காமலே, “இப்ப நாப்பத்திரண்டு நிமிஷம் உக்கார முடியுது. மொதல்ல வெறும் பத்துதான்” என்றார்.

எனக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தது. கோபம்தான் முதலில் வெளியே வந்தது. “யோவ் நொடி!” என்றேன், சாரெல்லாம் பறந்து போயிற்று. “அந்த அக்கா ரெண்டு கையிலயும் வாளி தூக்கிட்டு மேடேறுதுய்யா! மனுவைப் படிச்சியா இல்லையா?”

“நான் போறப்ப எல்லாம் அவ குழாயில தண்ணி நல்லா வருதே” என்றார்.

“வராம? பதினோரு கிளையையும் நான் மூடி வச்சா வராம என்ன செய்யும்? நீ பாத்ததெல்லாம் டெஸ்ட் நாளு தண்ணிய்யா! மத்த எண்பத்தொம்பது நாளும் அங்க சொட்டுது!”

கணக்கில் புலி, இதுகூடவா தெரியாது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். தெரிந்துதான் இருக்கும். தெரிய வேண்டாம் என்று இருந்திருப்பார். அந்த நிமிஷம் அவர் முகம் போன போக்கைப் பார்த்த பிறகு நான் கதவைத் திறந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் பதில் கடிதத்தை டைப் செய்து இன்ஜினியரம்மா மேஜையில் வைத்தார். நான் படித்தேன். ‘தங்கள் மனு கிடைக்கப்பெற்றது. தங்கள் தெருக் குழாயின் நீரோட்ட வேகம் கடந்த எட்டு அளவீடுகளில் தவறாகப் பதிவு செய்யப்பட்டுள்ளது. உண்மையான வேகம் நொடிக்கு ஐம்பத்து நான்கு சென்டிமீட்டர். இது விதிக்கப்பட்ட அளவுக்குக் கீழானது. குழாயை உடனே மாற்றப் பரிந்துரைக்கப்படுகிறது. தவறு முழுவதும் என்னுடையது.’ கீழே கையெழுத்து, பதவி, ஆபீஸ் முத்திரை. பதினாலு வருஷத்தில் அவர் தன் பெண்டாட்டிக்கு எழுதிய ஒரே கடிதம் இதுதான்.

இன்ஜினியரம்மா இரண்டு தடவை படித்தார். “ஏன் சார் இப்படிப் பண்ணீங்க? நீங்க போய்?” என்றார். “பதிவுல பிழை” என்று மட்டும் சொன்னார் நொடி. பதினைந்து நாள் சஸ்பெண்ட். திரும்பி வந்ததும் பழைய கோப்புகள் அடுக்கும் அறையில் தூக்கிப் போட்டார்கள். அந்த அறையில் குழாயே கிடையாது. வாளியும் நொடியும் பார்க்கக்கூட வழியில்லை.

நான்கு மாதத்தில் தெருவைத் தோண்டினார்கள். வெட்டி எடுத்த துண்டு ஒன்றை நான் பார்த்தேன். உள்ளே செங்கல் நிறத்தில் கட்டி கட்டியாகப் பொருக்கு. கையை விட்டால் முஷ்டி நுழைந்தது, அதற்கு மேல் இடமில்லை. அந்தத் துண்டைத் தூக்கிக்கொண்டு போய் அவர் மேஜை மேல் வைத்தேன். விரலால் உள்ளே தடவிப் பார்த்தார். “அஞ்சு இஞ்ச்கூட இல்ல” என்றார். அவ்வளவுதான்.

புதுக் குழாய் போட்டு முடித்ததும் ஒரு டெஸ்ட் வைத்துச் சான்று எழுத வேண்டும். அளவுப் பிரிவுக்கு வந்த புது ஆளுக்கு உப்பு டெஸ்ட் சுட்டுப்போட்டாலும் வரவில்லை. இன்ஜினியரம்மா நொடியையே கூப்பிட்டார். நல்ல மனசு அந்தப் பெண்ணுக்கு. அடித்த கையாலேயே தட்டிக்கொடுக்கத் தெரிந்திருந்தது. இவர் காகிதத்தில் கணக்குப் போட்டார். புதுக் குழாய் இரும்பு இல்லை, உள்ளே வழுவழுப்பான பிளாஸ்டிக், அகலமும் கூடுதல்; அதில் தண்ணீர் இருபத்திரண்டு நிமிஷத்தில் போய்ச் சேரும். இவர் நடை முப்பத்திரண்டு.

“ஜீப்புல போய் முன்னாடியே உக்காந்துக்கங்க சார்” என்றேன்.

“இல்ல. மீட்டரை அவகிட்ட குடுத்துட்டு வா. முள் ஏறினதும் மணி பாத்து எழுதச் சொல்லு. நான் வழக்கம் போல நடந்து போய்க்கறேன்” என்றார். கடிதத்துக்குப் பிறகு அவள் முகத்தில் விழிக்கக் கூச்சம். பத்து நிமிஷமாவது தள்ளிப் போடலாமே என்கிற நப்பாசை. எனக்குத் தெரியாதா?

முந்தின நாள் சாயங்காலம் மீட்டரை எடுத்துக்கொண்டு நான் போனேன். அக்கா கொஞ்சம் இளைத்திருந்தாள். சொல்லிக்கொடுத்ததும் கற்பூரமாகப் பிடித்துக்கொண்டாள்.

“அவர் வரமாட்டாரா தம்பி?”

“வருவாருக்கா. இந்தத் தடவை தண்ணிக்குப் பின்னாடி வருவாரு.”

சிரித்தாள். பிறகு, “அந்த லெட்டரைப் படிச்சேன். தப்புப் பண்ணேன்னு எழுதியிருக்கார். எதுக்குப் பண்ணார்னு எழுதல” என்றாள்.

“நான் சொல்லவாக்கா?”

“வேண்டாம். அவரே சொல்லட்டும்” என்றாள்.

நான் அதை இவரிடம் வந்து அப்படியே சொன்னேன். “அவரே சொல்லட்டும்னு அக்கா சொல்லுச்சு” என்று இரண்டு தடவை சொன்னேன், காதில் நன்றாக ஏறட்டும் என்று. தலையை ஆட்டினார். முடி வெட்டியிருந்தார்.

மறுநாள் பத்து மணிக்கு உப்பை ஊற்றினேன். பொத்தானை அழுத்திவிட்டு நடக்கத் தொடங்கினார். பத்து இருபத்திரண்டுக்கு அக்காவிடமிருந்து போன். “வந்துடுச்சு தம்பி. இருபத்திரண்டு நிமிஷம், பதினாலு நொடி.” குரலில் ஒரே உற்சாகம். நானே வகுத்துப் பார்த்தேன். நொடிக்கு ஒரு மீட்டர் எண்பது சென்டிமீட்டர். ஐம்பது வருஷத்தில் அந்தத் தெரு பார்க்காத வேகம். சந்தோஷம் தாங்காமல் உடனே இவருக்குப் போன் போட்டுச் சொன்னேன். “சரி” என்று வைத்துவிட்டார். நான் கிளைகளைத் திறக்கப் போய்விட்டேன்.

பதினொன்று ஐந்துக்கு, நான் தொட்டிக்குத் திரும்பியிருந்தபோது, மறுபடியும் அக்கா போன். “அவர் எங்க தம்பி?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “வரலையாக்கா?”

“இல்லையே. வழியில ஏதாவது ஆயிடுச்சா? கொஞ்சம் பாரேன்.”

போட்டது போட்டபடி ஓடினேன். எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. ஆபீசில், கோப்பு அறையில், தன் நாற்காலியில் உட்கார்ந்து சான்றை எழுதிக்கொண்டிருந்தார்.

“ஏன்யா இங்க இருக்கே?” என்று கத்தினேன்.

“பள்ளிக்கூட வளைவு வரைக்கும் போனேன். நீதான் போன் பண்ணி நம்பரைச் சொல்லிட்டியே. கணக்கு கிடைச்சுடுச்சு. அப்புறம் நான் எதுக்குப் போறது? திரும்பிட்டேன்.”

தலையில் அடித்துக்கொண்டேன். அந்தப் போனைப் போட்ட என் கையையும் சேர்த்துச் சபித்துக்கொண்டேன். “அக்கா போன் பண்ணிச்சு. அவர் எங்கன்னு கேட்டுச்சு” என்றேன்.

பேனா நின்றது. “என்ன கேட்டா?”

“அவர் எங்கன்னு.”

“எத்தனை மணிக்கு?”

“பதினொண்ணு அஞ்சு!”

உதடு அசைவதைப் பார்த்தேன். கணக்குப் போடுகிறார்! “நான் போயிருந்தா பத்து முப்பத்திரண்டுக்குப் போயிருப்பேன்” என்றார். “அப்ப முப்பத்து மூணு நிமிஷம் எனக்காகக் காத்துக்கிட்டு இருந்திருக்கா.” குரல் உடைந்துவிட்டது. அந்த மனுஷனின் கண்ணில் நான் தண்ணீரைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

“இப்பவாவது எழுந்து போய்யா. டெஸ்டும் வேண்டாம், மண்ணும் வேண்டாம். எட்டு நிமிஷத்தை எதுக்கு முழுங்கினேன்னு அந்த அக்காகிட்ட உன் வாயால சொல்லு. அது கேட்டது அவ்வளவுதான்” என்று தோளைப் பிடித்து எழுப்பினேன். எழுந்தார். மீட்டர் இல்லை, பை இல்லை, வெறுங்கையோடு படியிறங்கிப் போனார். நான் வாசலில் நின்று அவர் பெட்ரோல் பங்க் தாண்டும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை சரியாகிவிடும் என்று மனசார நம்பினேன். சாயங்காலம் அவர் ஆபீசுக்குத் திரும்பவில்லை. அதையும் நல்லதுக்கு என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

“போனீங்களா சார்?”

“போனேன்.”

“அக்கா இருந்துச்சா?”

“இருந்தா. உள்ள கூப்பிட்டு உக்காரச் சொன்னா. மெஷினை மூடி வச்சுட்டு எதிர்ல வந்து உக்காந்தா.”

“என்ன பேசினீங்க?”

“ஒண்ணும் பேசல. முப்பத்து மூணு நிமிஷம் உக்காந்திருந்தேன். அப்புறம் எழுந்தேன்.”

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. அவள் காத்திருந்த நிமிஷங்களை இந்த மனுஷன் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்!

“அது உங்களைப் போகச் சொல்லுச்சா?”

“இல்ல.”

“பின்ன ஏன் சார் எழுந்தீங்க?”

“நேரம் ஆயிடுச்சு.”

“அக்கா ஒண்ணுமே கேக்கலையா?”

“வாசல் வரைக்கும் கூட வந்தா. ‘அவ்வளவுதானா?’ன்னு கேட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னு சொன்னேன்” என்றார்.